அடுப்பு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நாபைத் திருகியாயிற்று, தீயும் பிடித்துவிட்டது, கையையும் எடுத்தாயிற்று, ஆனால் அந்த டிக் டிக் டிக் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. சில வீடுகளில் அடுப்பை அணைத்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இது ஆரம்பித்தது. முந்தின நாள் ராத்திரிதான் மேடையோடு சேர்த்து அடுப்பையும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தோம். வந்த மெக்கானிக் பார்த்தவுடனே பொறி வரவைக்கும் பெட்டி போய்விட்டது என்றார், 900 ரூபாய் கொடுத்து மாற்றினோம், மூன்றாம் நாள் பால் பொங்கி வழிந்ததும் மறுபடி அதே சத்தம். பெட்டியில் கோளாறே இல்லை. இடது பக்க நாபுக்குக் கீழே இருந்த ஒரு சின்ன சுவிட்ச்தான் காரணம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி தவறுகளைச் செய்ய மாட்டோம். நாபை அழுத்தும்போதோ திருகும்போதோ அதன் தண்டை ஒட்டியிருக்கும் சுவிட்ச் சேர்ந்துகொள்ளும். உடனே உள்ளே இருக்கும் பெட்டி, பேட்டரியின் 1.5 வோல்ட்டையோ வீட்டு மின்சாரத்தையோ பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பர்னர் பக்கத்தில் இருக்கும் ஊசிக்கு அனுப்பும், அது சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி பர்னரில் பொறியாக விழும். முக்கியமான விஷயம், எல்லா நாபின் சுவிட்சும் அந்த ஒரே பெட்டிக்குத்தான் போகிறது. அதனால் ஒரு சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலே எல்லா பர்னரிலும் பொறி வரும். மூன்று பர்னரிலும் பொறி பறக்கிறதே, அடுப்பே போய்விட்டது போல என்று பயந்து புது அடுப்பு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்து, பேட்டரியை மாற்றிப் பார்ப்பது. பேட்டரி தீர்ந்துபோனால் பொறி மெதுவாகும், விட்டு விட்டு வரும், அப்புறம் நின்றுவிடும். நிற்காமல் அடிப்பதற்கு அது காரணம் கிடையாது. புது பேட்டரி போட்டால் இன்னும் வேகமாகத்தான் அடிக்கும். பேட்டரியே இல்லாத சில அடுப்புகளில் நாபைத் திருகும்போது டக் என்று ஒரே ஒரு பொறி வரும், அந்த வகையில் இந்தத் தொல்லை வராது. ஆக, தொடர்ந்து அடிக்கிறது என்றாலே உங்களுடையது பேட்டரியிலோ பிளக்கிலோ ஓடுவது. முதல் வேலையாக அந்தப் பேட்டரியைக் கழற்றுங்கள், அல்லது சுவிட்சை அணைத்து பிளக்கை உருவுங்கள். சத்தம் நின்றுவிடும், லைட்டரால் பற்றவைத்துச் சமையலை முடித்துக்கொள்ளலாம். அடித்தால் அடிக்கட்டும் என்று அப்படியே நாள்கணக்கில் விடுவது தவறு, பேட்டரியும் தீரும், பெட்டியும் வீணாகும்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். அடுப்பின் மேல் தண்ணீர் ஊற்றுவது. நம் வீடுகளில் சாம்பார் வழியும், கஞ்சி வழியும், பால் பொங்கும், கையோடு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் துடைத்தால்தான் மனசு ஆறும், எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் தண்ணீர் நாபின் தண்டு வழியாக இறங்கி நேராக சுவிட்சுக்குள் போகிறது. துடைக்கிற திரவத்தை நாப் மேலேயே அடிப்பதும் இதே கதைதான், துணியில் அடித்துக்கொண்டு துடையுங்கள். எங்கள் இடது நாபை நான் மேல் நோக்கி இழுத்துக் கழற்றியபோது தண்டைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது, காய்ந்த பாலும் எண்ணெயும் கலந்து பிசின் மாதிரி ஆகியிருந்தது. நாபை அழுத்தினால் உள்ளே போகிறது, திரும்பி மேலே வர மறுக்கிறது. சுவிட்ச் பாவம் என்ன செய்யும், அழுத்தியபடியே நின்றுகொண்டிருந்தது. வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் நாலைந்து தடவை துடைத்ததும் நாப் பழையபடி எழும்பியது.

நனைந்த அடுப்பு என்றால் அவசரப்படாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு, நாப், பர்னர், மூடி எல்லாவற்றையும் கழற்றி வைத்து, ஒரு மேசை விசிறியை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். பாதி ஈரத்தில் பேட்டரியைப் போட்டுப் பார்ப்பதும், அடிக்கிறதே என்று மறுபடி கழற்றுவதும் வீண் வேலை. நாப் இறுகியிருந்தால் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுக்காதீர்கள், உடைந்துவிடும். அடியில் ஒரு துணியை வளைத்துக் கொடுத்து இரண்டு பக்கமும் சமமாகத் தூக்குங்கள்.

சுவிட்ச் ஒட்டுகிறதே என்று துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ தேங்காய் எண்ணெயையோ உள்ளே விடுவதை நிறைய பேர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை தீப்பற்றக்கூடியவை, பக்கத்திலேயே பொறி பறக்கிறது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் அழுக்கைப் பிடித்து இன்னும் மோசமாக ஒட்டும்.

பர்னர் பக்கம் வந்தால், பித்தளை பர்னரைப் புளியிலோ எலுமிச்சையிலோ ஊறவைத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டு ஈரத்தோடு திரும்ப வைப்பது ஒரு தவறு, ஓட்டைகளுக்குள் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். ஊசியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கானைக் கம்பி நாரால் சுரண்டாதீர்கள், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். பீங்கானில் விரிசல் இருந்தால் பொறி பர்னருக்குப் போகாமல் பக்கவாட்டில் பாயும், அதை ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிளக்கில் ஓடும் சில ஹாப்களில் (மேடையில் பதித்து வைக்கும் அடுப்பு) அந்த ஊசியே தீ இருக்கிறதா என்றும் பார்க்கும், தீ தெரியாவிட்டால் தானாகப் பொறி விடும். அதில் மூடி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும், பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லாவிட்டாலும் தீ எரியும்போதே டிக் டிக் கேட்கும். மூடியை நேராக வைத்துப் பாருங்கள், அப்படியும் நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் அந்தப் பாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் சுவிட்சுகளின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் கெட்ட சுவிட்ச். எல்லாவற்றையும் கழற்றியும் அடித்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஒரே ஒரு சூழ்நிலையில் இது எதையும் செய்யக் கூடாது. சத்தத்தோடு கேஸ் வாடையும் வந்தால் சுவிட்ச் ஆராய்ச்சி, பிளக்கை உருவுவது, லைட்டர் எதுவும் கூடாது. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும், அதனால் முகத்துக்கு நேரே வாடை குறைந்துவிட்டது என்று நம்பவும் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை மட்டும் அணைக்கலாம். வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.