தகரக் கூரை வீட்டுக்கு எந்த மைக்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் மைக்குக்கு முதல் எதிரி தகரக் கூரை மழை, அடுத்தது காற்றாடி (மின்விசிறி). சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் இரண்டையும் அள்ளிக்கொண்டு வரும்.

இணைய வகுப்புக்கு மட்டும் என்றால் 50 ரிங்கிட்டுக்குள் யுஎஸ்பி ஹெட்செட் போதும். சட்டையில் குத்தும் காலர் மைக் வாங்குமுன் முனையைப் பாருங்கள்: 3 கறுப்பு வளையம் இருந்தால் அது கைப்பேசிக்கானது. கணினியின் இளஞ்சிவப்பு மைக் துளையில் பெரும்பாலும் ஊமைதான். மைக்கையும் ஹெட்போனையும் தனித்தனி முனையாக்கும் பிரிப்பான் கம்பி வேண்டும்.

தேவாரம் பாடிப் பதிவு செய்ய 200, 300 ரிங்கிட்டில் யுஎஸ்பி டைனமிக் மைக் (கிட்டத்துச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை). வாயிலிருந்து நாலு விரல் தூரம், சற்றே பக்கவாட்டில். நேரே வைத்தால் 'ப'கரம் வெடிக்கும். மைக்கின் முதுகு காற்றாடியைப் பார்க்கட்டும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் முனை) மைக் மலிவாகக் கிடைத்தாலும், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் செலவு தனி.

அடைமழையில் எந்த மைக்கும் தோற்கும்.