குழாய் சிவந்தால் போதுமா? வெண்குருதிக்கலமும் நைத்திரிக் ஒட்சைட்டும்

வாவியில் வலை இழுத்தவரின் காலில் மீன்முள் ஏறிவிடுகிறது. அடுத்த நாள் பாதம் வீங்கி, தொட்டால் சுடுகிறது. மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிற நான் இந்தக் காலை வைத்துத்தான் அழற்சியைத் தொடங்குவது. அழற்சியில் வெண்குருதிக்கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை ஆக்கும் பகுதிக்கு வந்தால், பிள்ளைகள் வழுக்குகிற இடங்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றேதான்.

முதலில் பெயர். நைத்திரிக் ஒட்சைட்டைச் சிரிப்பூட்டும் வாயு என்று எழுதிவிடுவார்கள். அது வேறு; அதில் இரண்டு நைதரசன் அணு, இதில் ஒன்றுதான். இந்த வாயுவுக்கான 1998 நோபல் பரிசையும் வெண்குருதிக்கலத்தின் கணக்கில் சேர்ப்பார்கள். அது இதயமும் குருதிக்கலன்களும் பற்றிய கண்டுபிடிப்புக்குக் கிடைத்தது.

அடுத்தது, முள் குத்தியவுடனே சிவந்ததற்கு வெண்குருதிக்கலத்தின் வாயுதான் காரணம் என்பது. குருதிக்கலன் சுவரில் இந்த வாயுவை ஆக்கும் நொதியம் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். கல்சியம் ஏறினால் கொஞ்சம் சுரந்து அடங்கிவிடும். வெண்குருதிக்கலங்களில் ஒன்றான, கிருமியை விழுங்கும் மக்ரோபேஜ் அப்படியல்ல. கிருமிச் சுவரின் துண்டோ, மற்ற நோயெதிர்ப்புக் கலங்கள் அனுப்பும் இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதமோ வந்து தட்டிய பிறகுதான் அது தன் நொதியத்தைப் புதிதாகச் செய்யத் தொடங்கும். அதற்குச் சில மணித்தியாலம் பிடிக்கும். ஆனால் தொடங்கினால் கல்சியத்துக்குக் காத்திராது; மூலப்பொருளான ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் கிடைக்கும்வரை ஓடும். அந்த முதல் சிவப்புக்கு காயப்பட்ட இடத்தில் உடனே வெளிவரும் ஹிஸ்டமின் போன்றவையே பொறுப்பு.

எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் போடுவதும் உண்டு. எலியின் மக்ரோபேஜ் வளர்ப்புத் தட்டில் வாயுவை அள்ளிக் கொட்டும். மனிதக் குருதியிலிருந்து எடுத்து வளர்த்தவை மிகக் கொஞ்சமே தரும்.

சரி, அளப்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த தவறு இங்கேதான். இந்த வாயு உடலில் சில விநாடிதான் தாங்கும். பிறகு நைத்திரைற்றாகவும் (nitrite) நைத்திரேற்றாகவும் (nitrate) மாறிவிடும். இவற்றை நிறத்தால் அளக்கும் கிரீஸ் (Griess) சோதனையில் குழாய் இளஞ்சிவப்பாவது நைத்திரைற்றுக்கு மட்டும். குருதியிலோ ஹீமோகுளோபின் அந்த நைத்திரைற்றையும் நைத்திரேற்றாக்கிவிடும். ஆகவே நிறமே வராவிட்டாலும் வாயு உண்டாகவில்லை என்று சொல்ல முடியாது. முதலில் நைத்திரேற்றை நைத்திரைற்றாகத் தாழ்த்தவேண்டும். அப்புறம் எதிர்ப்பக்கத் தொல்லை. ராத்திரி முளைக்கீரைச் சுண்டல் சாப்பிட்டவரின் சிறுநீரிலும் நைத்திரேற்று ஏறும். மணல் நிலத்துக் கிணற்றில் பசளையோ மலக்குழி நீரோ கசிந்திருந்தால் குடிதண்ணீரிலும் வரும். கலங்களை வளர்க்கும் ஆர்பிஎம்ஐ ஊடகத்திலேயே நைத்திரேற்று இருக்கிறது! வெறும் ஊடகத்தை அளந்து கழிக்காதவருக்கு, கலமே இல்லாத குழாயும் விடை சொல்லும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உடல் தானாகவே நைத்திரேற்றை ஆக்குவதைக் கண்டுகொண்டவர்கள் அந்தக் கவனத்தோடுதான் இருந்தார்கள். தன்னார்வலர்களுக்கு நைத்திரேற்றுக் குறைந்த உணவைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரை அளந்தார்கள். உள்ளே போனதைவிட வெளியே வந்தது கூட. ஒருவருக்கு இடையில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தபோது அளவு ஒரேயடியாக ஏறியது. தட்டில் கீரை இருந்திருந்தால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.