கணினித் திரையில் ஒட்டுச்சீட்டு

பாளையங்கோட்டைக் கடைகளில் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும். மின்விசிறிக் காற்றில் அது பறந்துவிடும். விண்டோஸ் 10, 11-இல் இருக்கும் ஸ்டிக்கி நோட்ஸ் என்ற குறிப்புச் சீட்டுச் செயலி பறக்காது.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி அந்தப் பெயரைத் தட்டுங்கள். புதுச் சீட்டுக்கு கன்ட்ரோலும் N எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். தமிழுக்கு மாற விண்டோஸ் சாவியும் ஸ்பேஸ் பாரும். தமிழ் விசைப்பலகையை முன்பே செட்டிங்ஸில் சேர்த்திருக்க வேண்டும். ஒரு சீட்டில் ஒரே வேலை: “பத்தமடைப் பாய் 12, வெள்ளி காலை”. பத்து வேலையை ஒன்றில் திணித்தால் எதையும் படிக்க மாட்டீர்கள். முடிந்த வரியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் T எழுத்தும் அழுத்தினால் அதன் மேல் கோடு விழும்.

பலரும் பதறும் இடம் ஒன்று: மூலையில் உள்ள பெருக்கல் குறி சீட்டை மறைக்கும், அழிக்காது. சீட்டுப் பட்டியலைத் திறந்து இருமுறை கிளிக் செய்தால் திரும்ப வரும். குப்பைத்தொட்டிக் குறிதான் அழிக்கும்.

இது மணி அடிக்காது. ஆனித் தேரோட்டத்துக்கு முந்தைய நாள் மூன்று மணிக்கு அல்வா பார்சல் அனுப்ப வேண்டுமென்றால், கிளாக் செயலியில் அலாரமும் வையுங்கள். கணினி தூங்கினால் அதுவும் பெரும்பாலும் ஒலிக்காது. ஸ்லீப் நேரத்தைக் கூட்டிவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் ஹார்ட் டிஸ்க் போனாலும் சீட்டுகள் தப்பும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள். கல்லாவில் நிற்பவர் எல்லாரும் பார்ப்பார்கள்.