டெல்லிப் பயணத்தில் திங்கட்கிழமைச் சிக்கல்

அம்மாவுக்குச் செங்கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. ஞாயிறு இரவு டெல்லி போய்ச் சேர்வது, மறுநாள் காலையே செங்கோட்டை என்று டிக்கெட்டும் போட்டுவிட்டேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் கவனித்தேன்: செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாமே அன்றைக்கு மூடியிருக்கும். வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த தாஜ்மகாலும் அப்படித்தான், அன்று பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது.

சரி என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விடுமுறை நாட்களை முதலில் எழுதினேன். அப்புறம்தான் இடங்களை நிரப்பினேன். திங்களன்று தினமும் திறந்திருக்கும் குதுப்மினாரும் உமாயூன் கல்லறையும். செவ்வாய்க்கிழமை செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். மெட்ரோவின் ஊதா நிற வழித்தடத்தில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் கோட்டை கொஞ்ச தூரம்தான். மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு அது பெரிய உதவி. புதனன்று அருங்காட்சியகம், ஆக்ரா வியாழக்கிழமை.

உமாயூன் கல்லறைக்கு அரை நாள் ஒதுக்கியதுதான் இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. மாலை வெயிலில் அந்தச் சிவப்புக் கல்லையும் வெள்ளைப் பளிங்குக் குவிமாடத்தையும் பார்த்தபடி, அம்மா தோட்டத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.