பை-டூ காபியும் பரணில் கிடக்கும் கால் மெஷினும்

எங்கள் வீட்டுப் பரணில் கால் குளியல் மெஷின் ஒன்று கிடக்கிறது. 3 வருடத்துக்கு முன்பு தீபாவளித் தள்ளுபடியில் 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். மொத்தம் 2 தடவை ஓடியிருக்கும். பிளக் பாயிண்ட் இருக்கும் மூலையைத் தேடி உட்கார வேண்டும். முடிந்ததும் தளும்பத் தளும்ப அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அடியில் இருக்கும் உருளைகளைப் பழைய டூத் பிரஷால் தேய்க்க வேண்டும். அலுப்புத் தீரட்டும் என்று வாங்கியது, கழுவ வேண்டிய பாத்திரங்களோடு இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது.

பெங்களூரில் அல்சூரிலிருந்து குந்தலஹள்ளிக்குத் தினமும் மெட்ரோவில் வேலைக்குப் போய்வருகிறேன். வீட்டில் 2 பிள்ளைகள், மாமியார். எனக்கென்று ஒரு நாளில் மிஞ்சுவது அங்கே 10 நிமிடம், இங்கே 15 நிமிடம். அந்தத் துண்டு நேரத்தைக் கெடுத்துக்கொள்ள எத்தனை வழி உண்டோ, அத்தனையிலும் போய்ப் பார்த்துவிட்டேன்.

சாமான் வாங்குவதுதான் முதல் வழி. கால் குளியலுக்கு ஒரு பக்கெட் போதும். கணுக்கால் மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், 10 நிமிடம், அவ்வளவுதான். கல் உப்பு போட்டால் நச்செல்லாம் இறங்கிவிடும் என்பார்கள். உப்பு அப்படி எதையும் இழுப்பதில்லை. சுகமாக இருக்கிறதென்றால் ஒரு கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஆனால் இதில் நான் செய்த ஒரு தவறு கொஞ்சம் பெரியது. அத்தைக்கு 20 வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் எனக்கு வைத்த தண்ணீரிலேயே அவரையும் காலை வைக்கச் சொன்னேன். "சூடே இல்லையேம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் ஊற்றினேன். மறுநாள் காலையில் கட்டைவிரல் ஓரத்தில் கொப்புளம். அது ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சூடு தெரியவில்லை என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சர்க்கரை நாள்பட்டால் பலருக்குக் கால் நரம்புகள் மரத்துப்போகும், தோல் வெந்தாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் காலை ஊறப்போடவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாதாரணமாகக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்தால் போதுமாம். தண்ணீரை வேறு யாராவது முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். இப்போது வீட்டில் அந்த வேலை என் மகளுடையது.

அடுத்தது ராத்திரி போன். பிள்ளைகள் தூங்கி, அடுப்படி துடைத்து, மணி 11 ஆகும்போது "இதுதான் என் நேரம்" என்று ஒரு வீம்பு வரும். தூக்கம் கண்ணைச் சுழற்றும், ஆனாலும் கை போனை விடாது. படுக்கப் போவதை இப்படித் தள்ளிப்போடும் பழக்கத்துக்குத் தனிப் பெயர் வைத்து, 2014-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். நான் மட்டும் இப்படி இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல். பெரியவர்களுக்கு ராத்திரி 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அதில் ஒரு மணி நேரத்தை எடுத்து ரீல்ஸ் பார்த்துவிட்டு அதை ஓய்வு என்றால், மறுநாள் 3 மணிக்கு ஆபீஸில் உடம்பு வட்டியோடு கேட்கும். எனக்குப் பலித்த வழி ஒன்றுதான்: அந்த "என் நேர"த்தை 11 மணியிலிருந்து 9 மணிக்குக் கொண்டுவந்தேன். பாத்திரம் காலையில் தேய்க்கலாம். சிங்க்கில் பாத்திரம் கிடக்க நான் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதை அத்தை முதல் வாரம் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். அப்புறம் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

காபி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களிடம் வாய் கொடுக்கப் பயம்தான். இருந்தாலும் சொல்கிறேன். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலானவர்களுக்கு 5 மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் 6 மணிக்கு வீடு வந்ததும் "அப்பாடா" என்று குடிக்கும் ஃபுல் டம்ளரில் பாதி, 11 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்காகக் காபியை விடச் சொன்னால் நானே கேட்க மாட்டேன். பெங்களூரில் நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டல்களில் இதற்கு அருமையான வழி ஏற்கெனவே இருக்கிறது: பை-டூ. ஒரு காபியை 2 டம்ளரில் பிரித்துத் தருவார்கள். காசும் பாதி, கஃபீனும் பாதி. சிக்கரியில் கஃபீன் கிடையாது, ஆகவே சிக்கரி கூடின ஃபில்டர் காபியில் அது இன்னும் குறைவு. நாலு மணிக்கு, நின்றபடி, சூட்டில் டம்ளர் விளிம்பை மட்டும் 2 விரலால் பிடித்துக் குடிக்கும்போது போனை எடுக்க முடியாது பாருங்கள், அந்த 5 நிமிடத்துக்கு ஈடாக எந்த ஸ்பாவையும் நான் சொல்ல மாட்டேன்.

மெட்ரோவுக்கு வருகிறேன். அல்சூரில் ஏறினால் பையப்பனஹள்ளி, கே.ஆர்.புரம் தாண்டிப் பாதை பெரும்பாலும் தூண் மேலேதான். ஜன்னலுக்கு வெளியே மரம், தண்ணீர் டேங்க், மொட்டை மாடித் துணி என்று தூரத்துக்குப் பார்வை போகும். நாள் முழுக்கத் திரையையே பார்க்கும் கண்ணுக்கு வேண்டியது அதுதான். பக்கத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சின்னத் தசை இறுகியே இருக்கும், 20 அடிக்கு அப்பால் பார்த்தால் தளரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி தூரத்தில் பாருங்கள் என்று கண் டாக்டர்கள் சொல்வதும் இதற்குத்தான். ஆபீஸில் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ரயிலில் சும்மாவே கிடைக்கிறது. நாமோ ஏறி உட்கார்ந்ததும் குனிந்து போனுக்குள் போய்விடுகிறோம்.

மூச்சுப் பயிற்சியும் ரயிலிலேயே செய்யலாம். பலர் வேக வேகமாக ஆழமாக இழுத்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்பார்கள். சுற்றத்தான் செய்யும், கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடுகிறது. மெதுவாக 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள்.

ஆண்களுக்கு மலிவான சுகம் சலூன் மசாஜ்தான். தலையில் எண்ணெய் வைத்துத் தட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் தாடையைப் பிடித்து 'டக்' என்று கழுத்தில் நெட்டி எடுப்பார்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் 2 குழாய்கள் கழுத்து எலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. கழுத்தைத் திடீரென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் திரும்பாத இழப்பு. பெண்களுக்கும் ஒரு வார்த்தை: பார்லரில் தலை அலசும்போது பேசினில் கழுத்தை ரொம்ப நேரம் பின்னால் தொங்கவிடாதீர்கள். அப்படி அலசிய பிறகு பக்கவாதம் போன்ற பாதிப்பு வந்த 5 பேரைப் பற்றி 1993-இலேயே ஒரு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். கழுத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். மசாஜுக்குப் பிறகு தலைசுற்றல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் தளர்ச்சி என்று எது வந்தாலும் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, நேரே ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் நாற்காலியில் உட்காரும்போதே "அண்ணா, நெட்டி வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்.

முகத்துக்கு எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்தது போலாகி, கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த களைப்பை ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்று விடிகாலை 4 மணிக்கு 60 கிலோமீட்டர் தள்ளி நந்தி மலைக்குக் கிளம்புவோம். பெங்களூரே அங்கேதான் வந்திருக்கும். போன மாதம் நாங்கள் சூரிய உதயத்தைக் கார் கண்ணாடி வழியாக, முன்னால் நின்ற டெம்போ டிராவலரின் முதுகுக்கு மேலே பார்த்தோம். பெரியவனுக்கு வழியிலேயே வாந்தி. அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. திறப்பு விழாவுக்காக 18 வருடம் மூடியபடியே காத்திருந்து 2009-இல்தான் வெளிச்சத்தைப் பார்த்தார். அவருக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லை, ஞாயிறு வரைக்கும் காத்திருந்தால் கோபம்தான் சேருகிறது. இப்போது ஞாயிறன்று அதிகபட்சமாக 3 ஸ்டேஷன் தள்ளி கப்பன் பார்க், இல்லாவிட்டால் வீட்டிலேயே எண்ணெய்க் குளியல்.

அந்தக் குளியலிலும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அபார்ட்மெண்டில் ஒருநாள் காவேரி, ஒருநாள் போர் தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திட்டுத் திட்டாகத் தலையில் ஒட்டும், எண்ணெயும் போகாது. சீயக்காய்க்கு அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. எண்ணெயும் கால் சொம்பு தேவையில்லை, ஒரு குழிக்கரண்டி போதும். நான் முன்பெல்லாம் முடி சொட்டச் சொட்ட வைத்துவிட்டு, 3 தடவை ஷாம்பு போட்டு, முடியை வைக்கோலாக்கி வைத்திருந்தேன். எண்ணெய்க் காலோடு பாத்ரூம் டைல்ஸில் நடக்கும்போது மட்டும் ஒரு பழைய கோணியை விரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் காவேரி வரும் நாளாகப் பார்த்து, அத்தைதான் முதலில் குளிப்பார்.