சிலிக்கான் பாப்பர்ல பாப்கார்ன்: கருகாம எடுக்கிற பக்குவம்

எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை ராத்திரின்னா பாப்கார்ன் கண்டிப்பா உண்டு, ரெண்டு வருஷமா ஒரே ஒரு சிலிக்கான் பாப்பர்லதான் பண்ணிட்டு இருக்கேன். மைக்ரோவேவ்ல வைக்கிற, மடக்கி வைக்கிற மாதிரி கிண்ணம், மேல ஒரு மூடி, ரெண்டு பக்கமும் காது மாதிரி பிடி, அவ்ளோதான் அது. எங்க அக்கா பொண்ணு போன மாசம் இதே மாதிரி ஒண்ணு வாங்கி ரெண்டு தடவை கருக்கிட்டு, "சித்தி, இது சரிப்படாது, திருப்பி அனுப்பிடப் போறேன்"னு போன் பண்ணா. அனுப்பாத, நான் சொல்றபடி ஒரு தடவை பண்ணிப் பாருன்னு அவகிட்ட சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறேன், ஏன்னா பாப்பர் மேல தப்பே இல்ல, சோளமும் நேரமும்தான் விஷயம்.

முதல்ல சோளம். மளிகைக் கடையில போய் சும்மா சோளம்னு கேட்டா வெள்ளைச் சோளத்தை எடுத்துக் குடுத்துடுவாங்க, மக்காச்சோளம்னு கேட்டா சில கடையில கோழித் தீவனத்துக்குப் போடுற பெரிய முத்து வரும். ரெண்டும் நமக்கு ஆகாது. பாப்கார்ன் சோளம்னே கேட்டு வாங்குங்க, முத்து சின்னதா, உருண்டையா, தோல் பளபளன்னு கெட்டியா இருக்கும். ஸ்வீட் கார்னைக் காய வச்சு பொரிக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, பொரியாது.

ஏன் இந்த ஒரு ரகம் மட்டும் பொரியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். நல்ல பாப்கார்ன் முத்துக்குள்ள 14 சதவீதம் கிட்ட ஈரம் இருக்கும். மேல் தோல் அந்த ஈரத்தை வெளிய விடாம இறுக்கிப் பிடிச்சிருக்கும். சூடேற ஏற உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி, மாவுச்சத்து கூழ் மாதிரி இளகி, ஆவி போக வழியில்லாம அழுத்தம் கூடிக்கிட்டே போகும், விசில் வராத குக்கர் மாதிரி. 180 டிகிரி செல்சியஸ் பக்கம் போனதும் தோல் தாங்காம வெடிச்சு, அந்த மாவுக்கூழ் ஒரே நொடியில நுரைச்சு அப்படியே உறைஞ்சுடும், அதுதான் நம்ம சாப்பிடுற வெள்ளைப் பூ. அப்போ ஈரம் குறைஞ்ச பழைய முத்துல அழுத்தம் வராது, தோல்ல கீறல் விழுந்த முத்துல ஆவி கசிஞ்சு போயிடும். பொரியாம அடியில நிக்கிற முத்தெல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டு வகைதான். அதை இன்னும் ஒரு நிமிஷம் வச்சாலும் பொரியாது, ஏற்கனவே பொரிஞ்சதுதான் கருகும். என் அக்கா பொண்ணு பண்ணின தப்பு சரியா இதுதான், கடைசி முத்து வரைக்கும் பொரியட்டும்னு விட்டுட்டா.

அதனால சோளத்தை வாங்கின கவர்லயே கிளிப் போட்டு வைக்காம காத்துப் புகாத டப்பாவுல கொட்டி அலமாரியில வைங்க. ஃபிரிட்ஜ் வேண்டாம், உள்ள இருக்கிற காஞ்ச காத்து ஈரத்தை இழுத்துடும். ஏற்கனவே காஞ்சு போன சோளம் இருந்தா தூக்கிப் போடாதீங்க, மூணு கப் சோளத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணின்னு விட்டு, இறுக்கமா மூடி, நல்லா குலுக்கி, அப்பப்போ குலுக்கிக்கிட்டே இருந்து மூணு நாள் கழிச்சு பொரிச்சுப் பாருங்க. வீணாப் போச்சுன்னு நினைச்ச முக்கால் டப்பா சோளத்தை நான் இப்படித்தான் மீட்டேன்.

அடுத்தது மைக்ரோவேவ். உங்க மைக்ரோவேவ் அவன் எத்தனை வாட்ஸ்னு பின்னாடி ஒட்டியிருக்கிற லேபிள்ல பாருங்க, ஆனா அதுல ரெண்டு நம்பர் இருக்கும், 1200 வாட்ஸ்னு பெருசா இருக்கிறது கரண்ட்ல இருந்து இழுக்கிற அளவு, சாப்பாட்டைச் சூடாக்குற அளவு அவுட்புட்னு தனியா 700 இல்ல 800 இல்ல 900-ன்னு போட்டிருப்பாங்க. நமக்கு வேணும்கிறது இந்த ரெண்டாவது நம்பர். இது தெரியாம, நம்மகிட்ட 1200 வாட்ஸ் அவன்தானே இருக்குன்னு நினைச்சு நெட்ல போட்டிருக்கிற டைமை அப்படியே வச்சுட்டு, சரியாவே பொரியலன்னு சொல்றவங்க நிறைய. இன்னொண்ணு, சாயங்காலம் வோல்டேஜ் இறங்குற ஏரியாவுல அதே அவன் அதே சோளத்துக்கு அரை நிமிஷம் கூட எடுக்கும், அது அவன் ரிப்பேர் இல்ல.

கன்வெக்‌ஷன் அவன் வச்சிருக்கிறவங்க மைக்ரோவேவ் மோட் மட்டும்தான் போடணும், கிரில், ரெண்டும் சேர்ந்து ஓடுற காம்பி மோட் எதுவும் கூடாது, அந்தக் கம்பி ஸ்டாண்டையும் வெளிய எடுத்துடுங்க. கொஞ்சம் முன்னாடி கேக் ஏதாவது பேக் பண்ணியிருந்தா உள்ள முழுசா ஆறினதுக்கு அப்புறம் வைங்க. அவன்ல பாப்கார்ன்னு ஒரு பட்டன் இருக்கும், அது பேக்கட் பாப்கார்னோட எடைக்குச் செட் பண்ணினது, பாப்பருக்கு அதைத் தொட வேண்டாம்.

பாப்பர் புதுசுன்னா முதல்ல சோப்பு போட்டுக் கழுவி, பாதி தண்ணி ஊத்தி மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம் வச்சு எடுத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு நல்லா துடைச்சுக் காய விடுங்க, சிலிக்கான் வாசனை அடங்கும். மடிச்சு வச்சிருந்தா முழுசா விரிச்சு விடணும், பாதி மடிஞ்ச நிலையில போட்டா பொரி நிறைஞ்சு மூடியைத் தள்ளிடும்.

இப்போ அளவு. அடிப்பகுதி மறையற மாதிரி ஒரே ஒரு அடுக்கு, அவ்ளோதான். ரெண்டரை மூணு லிட்டர் பிடிக்கிற பாப்பர்னா கால் கப் சோளம், கிட்டத்தட்ட 50 கிராம். பார்க்க ரொம்பக் கம்மியா தெரியும், எனக்கும் முதல் தடவை கை இன்னொரு பிடி அள்ளப் போச்சு, ஆனா ஒரு முத்து பொரிஞ்சா 30, 40 மடங்கு ஊதும், கால் கப் போட்டா ஏழு எட்டு கப் பொரி வரும், ரெண்டு பேருக்குத் தாராளம். நிறைய போட்டா மேல பொரிஞ்சது இடத்தை அடைச்சுக்கிட்டு அடியில பாதி முத்து நிக்கும். ரொம்பக் கம்மியா ஒரு ஸ்பூன் மட்டும் போட்டாலும் சரி வராது, மைக்ரோவேவ் சக்தியை வாங்கிக்க உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி ஆயிடும், அவனுக்கும் நல்லதில்ல.

எண்ணெய் தேவையே இல்ல. ருசிக்கு வேணும்னா ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டு முத்துல படுற மாதிரி பிரட்டிக்கலாம், சிலிக்கானும் கண்ணாடியும் தாங்கும். பிளாஸ்டிக் பாப்பர்னா எண்ணெய் விடவே விடாதீங்க, சூடான எண்ணெய் பட்ட இடத்துல பிளாஸ்டிக் இளகிடும்.

மூடி வச்சு, அவனுக்குள்ள சுத்துற தட்டு நடுவுல வைங்க. மூடியில இருக்கிற ஓட்டையை எதுவும் மறைக்கக் கூடாது, ஆவி வெளிய போனாத்தான் பொரி மொறுமொறுன்னு வரும், இல்லன்னா ரப்பர் மாதிரி நவுத்துப் போயிடும். ஃபுல் பவர், டைமர் நாலு நிமிஷம். நாலு நிமிஷமும் ஓடணும்னு இல்ல, நம்மதான் நிறுத்தப் போறோம். கிட்டயே நில்லுங்க, டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு காதைத் தீட்டி வச்சுக்கோங்க. என் அவன் 800 வாட்ஸ், அதுல ஒரு நிமிஷம் தாண்டி முதல் டப் கேக்கும், அப்புறம் ஒண்ணு ரெண்டா வந்து, ரெண்டு நிமிஷம் பக்கம் ஆலங்கட்டி மழை மாதிரி படபடன்னு கொட்டும், ரெண்டரை நிமிஷத்துக்கு மேல தணிய ஆரம்பிக்கும். ஒரு டப்புக்கும் அடுத்த டப்புக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் ஆச்சுன்னா உடனே நிறுத்துங்க. 700 வாட்ஸ்ல மூணு, மூணரை நிமிஷம் கூட ஆகலாம், 900-ல இன்னும் சீக்கிரம். அந்த ரெண்டு செகண்டை மனசுக்குள்ள எண்ணுங்க, டைமரைப் பார்க்காதீங்க, ஏன்னா சோளத்தோட ஈரம், வோல்டேஜ், அன்னிக்கு அவன் ஏற்கனவே சூடா இருந்துச்சா இல்லையா, எல்லாத்தையும் பொறுத்து டைம் மாறும், இடைவெளி மாறாது. ரெண்டாவது ஈடு போடும்போது பாப்பர் சூடாவே இருக்கிறதால கொஞ்சம் முன்னாடியே தணிஞ்சுடும், முதல் ஈட்டோட நேரத்தை நம்பினா அங்கதான் கருகும்.

நிறுத்தினதும் ஒரு அரை நிமிஷம் கதவைத் திறக்காதீங்க, கடைசியா நாலஞ்சு முத்து உள்ளயே வெடிக்கும். அப்புறம் துணி பிடிச்சு எடுங்க, பிடி சூடாத்தான் இருக்கும். மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சுத் திறங்க, ஆவி குபுக்னு வரும், பசங்க கிட்ட நின்னா தள்ளி நிக்கச் சொல்லுங்க. கண்ணாடி பாப்பர்னா ஈரமான கிரானைட் மேடையில நேரா வைக்காதீங்க, மடிச்ச துணி மேலயோ மரப்பலகை மேலயோ வைங்க, சூட்டோட குழாய்ல காட்டவும் கூடாது, விரிசல் விட்டுடும்.

திறந்ததும் அகலமான எவர்சில்வர் பேசின்ல கொட்டிடுங்க, பாப்பர்லயே விட்டா மிச்ச ஆவியில நவுத்துடும். மசாலாவும் அந்தப் பேசின்லதான், பாப்பர்க்குள்ள வேண்டாம், மஞ்சள்தூள் ஒரு தடவை சிலிக்கான்ல பட்டா அந்த மஞ்சள் போகவே போகாது, என் பாப்பர்ல இன்னிக்கும் ஒரு திட்டு இருக்கு. உப்பு ஒட்ட மாட்டேங்குதுன்னு எல்லாரும் சொல்வாங்க, எண்ணெய் இல்லாம பொரிச்சதுல உப்பு வழுக்கி அடிக்குத்தான் போகும். அதுக்கு ரெண்டு வேலை பண்ணணும். உப்பை மிக்ஸியில ஒரு சுத்து விட்டு மாவு மாதிரி ஆக்கிக்கோங்க. பொரி சூடா இருக்கும்போதே ஒரு ஸ்பூன் உருக்கின நெய்யை பேசினோட ஓரத்துல சுத்தி விட்டு, ரெண்டு குலுக்கு குலுக்கி, அப்புறம் உப்பு தூவி திரும்பக் குலுக்குங்க. நெய்யை நடுவுல ஒரே இடத்துல ஊத்தினா அந்த இடம் மட்டும் சுருங்கி சொதசொதன்னு ஆயிடும்.

எங்க வீட்டுல ரொம்பப் பிடிச்சது நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன், இட்லிப் பொடி ரெண்டு ஸ்பூன். பொடி நைஸா இருக்கணும், கொரகொரன்னு இருந்தா நிக்காது. இன்னொண்ணு நெய்யைச் சூடாக்கி அடுப்பை அணைச்சுட்டு அதுல ஒரு சிட்டிகை பெருங்காயம், மிளகுத்தூள், கையில நொறுக்கின காஞ்ச கறிவேப்பிலை போட்டு பொரி மேல விடுறது, மழை நாள்ல இதுக்கு ஈடு வேற எதுவும் இல்ல. வெல்லப்பாகு பிடிக்கும்னா பாகைத் தனியா கடாயில காய்ச்சி பொரியைக் கொட்டிப் பிரட்டுங்க, கார்த்திகைப் பொரிக்கு எடுக்கிற அதே கெட்டிப் பதம்தான், பாப்பர்ல சர்க்கரை போட்டு வைக்கவே கூடாது, கருகிப் பிடிச்சுக்கும்.

பரிமாறுறதுக்கு முன்னாடி பேசினை லேசா ஆட்டினா பொரியாத முத்து அடிக்கு இறங்கிடும், மேலாப்புல அள்ளிக்குங்க. பத்துப் பதினஞ்சு முத்து நின்னா அது நல்ல ஈடுதான். கடிச்சா பல்லுல விரிசல் விடும், அதனால வயசானவங்களுக்குக் குடுக்கும்போது பார்த்துக் குடுங்க. நாலு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களுக்கு பாப்கார்னே வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும், குழந்தை டாக்டர்கள் எல்லாரும் சொல்றது, நானும் என் பையனுக்கு அஞ்சு வயசுக்கு அப்புறம்தான் குடுத்தேன்.

மைக்ரோவேவ் பாப்கார்ன் பேக்கட் வாங்குறதை நான் விட்டதுக்குக் காரணம் காசு மட்டும் இல்ல. எண்ணெய் பேப்பர்ல ஊறாம இருக்க அந்தப் பைகள்ல பிஎஃப்ஏஎஸ்னு சொல்ற ரசாயனப் பூச்சு போட்டுட்டு இருந்தாங்க, அமெரிக்காவுல அந்தப் பூச்சுகளை விக்கிறது நின்னுடுச்சுன்னு அங்க இருக்கிற உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில அறிவிச்சாங்க. நான் இங்க வாங்கின எந்தப் பேக்கட்லயும் பையோட பூச்சு பத்தி ஒரு வரி கூடப் பார்த்ததில்ல. பாப்பர்ல சோளம், உப்பு, நெய் மூணும் எவ்வளவுன்னு என் கண்ணு முன்னாடி இருக்கு, வெறும் பொரின்னா ஒரு கப்புக்கு 30 கலோரி பக்கம்தான், அதுவும் முழுத் தானியம். பேக்கட்டுக்குப் பதிலா சாதா பிரவுன் கவர்ல சோளத்தைப் போட்டு வைக்கலாம்னு வீடியோ போடுறாங்க, அதை நம்பாதீங்க, மறுசுழற்சிப் பேப்பர் தீப்பிடிக்கும், ஸ்டேப்ளர் பின் இருந்தா கேக்கவே வேண்டாம்.

ஒருவேளை கருகிப் புகை வந்துச்சுன்னா கதவைத் திறக்காதீங்க, சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு புகை அடங்கினதும் திறங்க. வாசனை போக ஒரு கிண்ணம் தண்ணியில எலுமிச்சைப் பழத்தை ரெண்டா வெட்டிப் போட்டு நாலு நிமிஷம் ஓட விட்டு, கொஞ்சம் பொறுத்து ஈரத்துணியால உள்ள துடைச்சா சரியாயிடும்.

பாப்பரை அன்னன்னிக்கே சுடுதண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு மெத்துனு இருக்கிற ஸ்பாஞ்சால தேய்ங்க, இரும்பு நார் வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்த சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சா எண்ணெய்ப் பிசுக்கும் பழைய வாடையும் போயிடும். மடிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி அந்த மடிப்புக்குள்ள துணி விட்டுத் துடைங்க, தண்ணி அங்கதான் நிக்கும்.