பலசாலி வேஷம் போதும்: அன்றாட விசுவாசத்தில் ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசுவாசத்தில் வளர வேண்டும் என்ற ஆசை நம்மில் பெரும்பாலான ஆண்களுக்கு உண்டு. புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுக்கிறோம். உபவாசக் கூடுகையில் கண்ணீரோடு ஒப்புக்கொடுக்கிறோம். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. சிக்கல் திங்கட்கிழமை காலையில்தான் தொடங்குகிறது.

ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால் நேரமில்லை, வேலைப்பளு, சோதனை அதிகம் என்று பதில் வரும். அவையும் உண்மைதான். ஆனாலும் கூர்ந்து பார்த்தால் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன: என் பெலவீனத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பிடிவாதம். மனைவிக்குத் தெரியக் கூடாது, போதகருக்குத் தெரியக் கூடாது, முடிந்தால் ஆண்டவருக்கே தெரியக் கூடாது.

முதல் நாளே மலையைப் புரட்டப் பார்ப்பது

"நாளையிலிருந்து காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம். தினமும் பத்து அதிகாரம். வெள்ளிதோறும் உபவாசம்." இப்படித் தொடங்குகிறவர் இரண்டாவது வாரம் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார். மூன்றாவது வாரம் குற்ற உணர்வு. அதன் பிறகு வேதாகமத்தைப் பார்த்தாலே ஒரு கூச்சம். தீர்மானம் பெரிதாக இருந்தால்தான் ஆண்மைக்கு அழகு என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு மூன்று, நான்கு படித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமமும் யாத்திராகமமும் விறுவிறுவென்று ஓடி, லேவியராகமத்துப் பலிகளின் நடுவே வண்டி நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-இல் தம் சபையாருக்காக ஒரு வருட வாசிப்பு அட்டவணை தயாரித்தார். பழைய ஏற்பாட்டை ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிக்கும் திட்டம் அது. இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: திட்டத்தின் நன்மைகளைச் சொன்ன கையோடு அதில் இருக்கும் ஆபத்துகளையும் அவரே வரிசையாக எழுதிவைத்தார். வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வந்துவிடலாம், கவனமில்லாமல் பக்கம் புரட்டலாம், சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். திட்டம் போட்டவரே இதைச் சொல்கிறார் என்றால் நாம் கொஞ்சம் நிதானிக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு மாற்கு சுவிசேஷம் போதும். 16 அதிகாரம். தினமும் பாதி அதிகாரம் படித்தால் ஒரு மாதத்தில் இயேசுவின் வாழ்க்கையை ஒரு சுற்று பார்த்துவிடலாம். படித்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று நான் நம்ப வேண்டியது என்ன, அல்லது செய்ய வேண்டியது என்ன? ஐந்து நாள் தவறிப்போனால் அந்த ஐந்து நாள் பாக்கியையும் ஒரே இரவில் தீர்க்க உட்காராதீர்கள். விட்ட இடத்திலிருந்து அன்றைய பாதி அதிகாரத்தை மட்டும் படியுங்கள். ஆண்டவர் வட்டி கேட்பதில்லை.

தானியேலை நாம் சிங்கக் கெபியில் வைத்தே நினைத்துக்கொள்கிறோம். அதற்கு முந்திய வசனங்களைப் படித்தால், ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற கட்டளை கையெழுத்தானது தெரிந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போய், "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்றிருக்கிறது (தானியேல் 6:10). அன்று புதிதாக ஒரு வீரத்தை அவர் வரவழைத்துக்கொள்ளவில்லை. பல வருடப் பழக்கம் அன்றும் நடந்தது, அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்த ஒரு சின்னத் தவறையும் சொல்லிவிடுகிறேன். காலையில் வாக்குத்தத்த வசனப் படத்தைப் பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டால் தியானம் முடிந்துவிட்டதாக ஒரு திருப்தி வரும். அனுப்பியவரே அந்த வசனத்தைப் படித்தாரா என்பது சந்தேகம்தான். கைபேசியில்தான் வேதம் வாசிக்கிறீர்கள் என்றால் அந்தப் பதினைந்து நிமிடம் இணையத்தை அணைத்துவையுங்கள்.

வீட்டுக்கு மிச்சம் மீதியைக் கொடுப்பது

சபையில் நாற்காலி அடுக்குவதிலிருந்து சாட்சி சொல்வது வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். கேட்டால், "நான் சம்பாதித்துப் போடுகிறேனே" என்பார். சம்பாதிப்பதும் ஊழியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது தகப்பனின் இடத்தை முழுவதுமாக நிரப்பிவிடாது.

குடும்ப ஜெபம் நடக்கிற வீடுகளிலும் ஒரு கூத்து உண்டு. எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். அப்பா ஜெபிக்கிறார்: "ஆண்டவரே, இந்தப் பையனுக்கு நல்ல புத்தியைக் கொடும். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான், பெற்றவர்கள் படுகிற பாடு அவனுக்குப் புரியட்டும்..." இது ஆண்டவரிடம் பேசுவது இல்லை, ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மகனைத் திட்டுவது. பதில் பேச முடியாத நேரம் பார்த்துத் திட்டுவதால் அது இன்னும் ஆழமாகக் காயப்படுத்தும். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" (கொலோசெயர் 3:21) என்று பவுல் எழுதியது இப்படிப்பட்ட அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான். மகனிடம் பேச வேண்டியதை மகனிடம் பேசுங்கள். ஜெபத்தில் உங்கள் பயத்தைச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, இவனிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, உதவி செய்யும்." அந்த ஒரு வரியைக் கேட்கிற பிள்ளைக்கு விசுவாசத்தைப் பற்றிப் புரிவது அதிகம்.

உபாகமம் 6:7 பிள்ளைகளோடு வசனத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறபோது குறிப்பிடும் நேரங்களைப் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. பிரசங்க மேடை அந்தப் பட்டியலில் இல்லை.

கணவன் தலை என்ற வசனத்தைச் சில ஆண்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அதற்கு இரண்டு வசனம் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூர வேண்டும் என்று வருவது (எபேசியர் 5:25) மட்டும் எப்படியோ மறந்துபோகும். மனைவியோடு விவேகமாக வாழ வேண்டியதற்கு பேதுரு கொடுக்கும் காரணமும் சாதாரணமானதல்ல: "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" (1 பேதுரு 3:7). ஜெபத்தில் வல்லமை இல்லையே என்று ஏங்குகிற ஆண்கள் உபவாச நாட்களைக் கூட்டுவதற்கு முன் நேற்று ராத்திரி மனைவியிடம் பேசிய பேச்சை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். "நான் கத்தியது தப்பு, மன்னித்துவிடு" என்று அவரிடமும் பிள்ளையிடமும் சொல்லலாம். கூடவே "ஆனால் நீயும்..." என்று தொடங்கினால் அது மன்னிப்பு ஆகாது.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேஜையில் வசன அட்டை வைப்பது எளிது. பொய்க் கணக்கு எழுத மறுப்பதுதான் கடினம். வரி வசூலித்துப் பணக்காரரான சகேயு மனந்திரும்பியதும் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார் (லூக்கா 19:8). நம்மில் சிலர் காணிக்கை கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம்.

யாரும் இல்லாமல் சமாளிப்பது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான் என்று நினைக்கிறேன். பெண்கள் கூடினால் பேசி அழுது ஜெபித்து எழும்புவார்கள். ஆண்கள் கூடினால் வேலை, அரசியல், வண்டி, விளையாட்டு. "எப்படி இருக்கிறீர்கள், பிரதர்?" என்றால் "கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கிறேன்" என்று பதில் வரும். அந்த வாரம்தான் அவருக்கு வேலை போயிருக்கும்.

பிடிபடுவதற்கு முந்திய நேரத்தில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு என்ன செய்தார்? பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் அழைத்துக்கொண்டு போய், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்றார் (மத்தேயு 26:38). தேவகுமாரனே தமக்குத் துணை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பவுலும் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், குளிர்காலத்துக்கு முன்னே வந்துசேரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4). எனக்கு நீ வேண்டும், எனக்குக் குளிர்கிறது என்று எழுத அந்த அப்போஸ்தலனுக்கு வெட்கமாக இல்லை.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டு சங்கத்தார் ஜெபக் கட்டடத்தின் கடனை அடைக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். உறுப்பினர்களைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வாங்க ஒருவரைத் தலைவராக வைத்தார்கள். காசு வாங்க வீட்டுக்குப் போனவர்கள் அங்கே வேறு சிலவற்றையும் பார்த்தார்கள்: ஒருவர் மனைவியோடு சண்டைபோட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். கூட்டத்தில் தெரியாதது வீட்டு வாசலில் தெரிந்துவிட்டது. இதைக் கேட்ட வெஸ்லிக்குச் சட்டென்று புரிந்தது. கடனுக்காகத் தொடங்கிய அந்த ஏற்பாடு, வாரந்தோறும் ஒருவருடைய ஆத்தும நலனை மற்றவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டமாக மாறி, மெதடிஸ்டு இயக்கத்தின் முதுகெலும்பானது.

உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம். இரண்டு பேர் போதும்: வாயைக் கட்டத் தெரிந்தவர்கள், உங்களைக் கண்டு பயப்படாதவர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம். பொதுவாக "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடாமல் குறிப்பாகக் கேளுங்கள்: இந்த வாரம் எதில் விழுந்தாய்? எதை மறைக்கிறாய்? மனைவியோடு எப்படி இருக்கிறாய்? முதல் இரண்டு வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். யாராவது ஒருவர் முதலில் உண்மையைச் சொன்னால் மற்றவருக்கும் வாய் திறக்கும்.

விழுந்தபின் ஒளிந்துகொள்வது

ஆபாசக் காட்சி, ஆன்லைன் சூதாட்டம், வீட்டுக்குத் தெரியாத கடன், மறைவான குடி. இவற்றில் சிக்கியவர் வழக்கமாகப் போடும் திட்டம், "முதலில் இதை விட்டுவிடுகிறேன், பிறகு ஜெபிக்கிறேன்" என்பது. சுத்தமான பிறகுதான் குளிப்பேன் என்பதுபோலத்தான் இதுவும். தாவீது மறைத்துவைத்த நாட்களைப் பற்றி, "நான் அடக்கிவைத்தமட்டும்... என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்கிறார் (சங்கீதம் 32:3). விழுந்த அன்றே ஜெபியுங்கள், அசிங்கமாக இருந்தாலும். பிறகு ஒரு ஆளிடம் சொல்லுங்கள். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது சொஸ்தமடையும்படிக்கு. மானம் போகும்படிக்கு அல்ல. கூடவே வழியையும் அடையுங்கள்: இரவில் கைபேசி படுக்கையறைக்கு வெளியே, சூதாட்டச் செயலி நீக்கம், கடன் முழுத் தொகையும் ஒரு தாளில். மறைத்த கடன் மனைவியின் வாழ்க்கையையும் பாதிப்பதால் அவரிடம் சொல்வதைத் தள்ளிப்போட முடியாது. தனியாகச் சொல்லத் துணிவில்லையென்றால் போதகரை உடன் வைத்துக்கொண்டு சொல்லலாம்.

எல்லாச் சோர்வையும் விசுவாசக் குறைவு என்பது

கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறங்கப்பண்ணின எலியா, கொஞ்ச நாளில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டிக்கொண்டார் (1 இராஜாக்கள் 19). வேலைக்காரனையும் பெயெர்செபாவிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்ற புலம்பலுக்குப் பதில் அதன் பிறகு ஓரேப் மலையில்தான் வந்தது: இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள், போய் எலிசாவைச் சேர்த்துக்கொள்.

தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் ஓடுகிறவரை "இன்னும் விசுவாசமாய் இருங்கள், பிரதர்" என்று அனுப்பிவிடுவது நாம் மற்ற ஆண்களுக்குச் செய்யும் அநியாயம். வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. சாவு எண்ணம் இருந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்ல வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. மருந்து சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது. பவுலோடு பயணம் செய்த "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" (கொலோசெயர் 4:14) ஒரு சுவிசேஷத்தையே எழுதியவர். மருத்துவரிடம் போகும்போது நண்பர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை, என்னென்ன எண்ணம் வருகிறது என்பதைக் குறைத்துச் சொல்லாமல், "கிருபையால் நல்லா இருக்கிறேன்" என்று மழுப்பாமல் உள்ளபடி சொல்லுங்கள்.